ஆகாய கங்கைப் படிகளில்

மலைப்பயணம் என்றால் ஏற்றம் முதலில், இறக்கம் பின்னர் என்பதே பொது வழக்கு. உழைப்பை முன்னே கொடுத்து, உச்சியில் அதன் பயனைப் பெற்று, இளைப்பாறிய மனத்தோடு இறங்கி வருகிறோம். விதைத்த பின்னரே அறுவடை என்னும் உழவர் நெறி மலையேற்றத்திற்கும் பொருந்தும் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஸபா, மர்வா என்னும் குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடிக் களைத்த பின்னரே அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் மகனுக்காக ஸம்ஸம் ஊற்றெடுத்தது என்னும் வரலாற்றிலும் ஓட்டம் முன்னும் நீர் பின்னுமாகவே அமைந்திருக்கக் காண்கிறோம்.

இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிக் காட்டும் வழி ஒன்று தமிழகத்தில் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோயிலை அடுத்துத் தொடங்கி, ஆகாய கங்கை என்னும் அருவியில் சென்று முடியும் படிவழியே அது. அங்கே முதலில் இறங்குகிறோம், அருவியைப் பெறுகிறோம், அதன் பின்னரே ஏறுகிறோம். பயன் முன்னே கைக்கு வந்துவிடுகிறது. உழைப்போ பின்னே காத்து நிற்கிறது. விடுமுறை நாள்களில் நூற்றுக்கணக்கானோர் இறங்கி ஏறும் அப்படிகள் உணர்த்தும் செய்தி ஒன்றுண்டு. எம் துறை மாணவர் ஒருவரின் வாயிலாக அதனை அறிந்துகொண்டேன். அதனை இம்மலரின் வழியே பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லி, தமிழ் பயில்வோர்க்குப் புதிய மலை அன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை எண்ணும் ஓரி ஆண்ட மலை அது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஓர் அம்பு ஊடுருவிச் சென்றதாக அவனது வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடுகிறார். அப்பாட்டிலேயே அவன் தன் பெயரைக்கூடச் சொல்லாமல், காட்டிற் கண்ட இரவலர்க்கு இறைச்சியும் மதுவும் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் வாரி வழங்கிய செய்தி வருகிறது. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பதை அகநானூற்றின் 209ஆம் பாட்டு உரைக்கிறது. காண்போரை மயக்கும் கொல்லிப்பாவையோ அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை என்று பல தொகைகளிலும் உவமையாய் வந்து நிற்கிறாள். பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியதும் இம்மலைக் கோயில் இறைவனை முன்னிறுத்தியே ஆகும்.

பதினெட்டு ஆண்டுகளாகக் குறிஞ்சித் திணையை வகுப்பறையில் நடத்திவரும் எனக்கு, மாணவர்களைக் கொல்லிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் விருப்பம் நெடுநாளாக இருந்தது. 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் ஒரு வியாழக்கிழமை அது கைகூடியது. திருச்சிராப்பள்ளியிலிருந்து வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு இரண்டு வேன்களில் புறப்பட்டோம். மாணவர் முப்பத்திருவர், ஆசிரியர் இருவர்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் மாணவர்கள் உரக்க எண்ணிக்கொண்டே வந்தனர். ஐம்பதைத் தாண்டிய பின்னர் எண்ணுவாரும் இல்லை, பாடுவாரும் இல்லை. மேலே சென்றால் மலை விரிந்து சமவெளிபோல் கிடக்கிறது. சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகள், பலா, வாழை, அன்னாசி, இடையிடையே நெல் வயல்கள் என்று கண்ணுக்கு இனிய காட்சி. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் கேட்டுச் சிலர் கேரளத்தாரோ என்று மயங்குவதுண்டு. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் கதை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு என்று தம் ஊர்த்தொகுதிகளை இன்றும் ‘நாடு’ என்றே அவர்கள் வழங்குகின்றனர். சாமையும் தினையும் இன்னும் அம்மலையில் விளைகின்றன. ‘தினை’ என்னும் சொல்லை நூற்றுக்கணக்கான முறை கரும்பலகையில் எழுதிய எனக்கு, அதன் கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் வடித்தல் அரிது.

வனத்துறையின் நுழைவுச் சீட்டைப் பெற்றுக்கொண்டு படிகளில் இறங்கத் தொடங்கினோம். செங்குத்தான படிகள், பக்கத்தில் கைப்பிடிக் கம்பிகள், இருபுறமும் அடர்ந்த மரங்கள், கையிலுள்ள தின்பண்டத்தைக் குறிவைத்துக் காத்திருக்கும் குரங்குகள். ‘எத்தனை படிகள்’ என்று கேட்டால் ஆளுக்கோர் எண் சொல்கிறார்கள். எம் மாணவருள் நால்வர் தனித்தனியே எண்ணினர். ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துவரவில்லை. ஆயிரத்துக்கு மேல் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எழவில்லை.

இறங்குவது எளிதாகவே இருந்தது. இளைஞர்கள் இரண்டிரண்டு படிகளாகத் தாவினர். முன்னே சென்றவர் பின்னே வருவோர்க்காகக் காத்திருக்கவில்லை. அருவியின் ஓசை கீழிருந்து மேலெழுந்து வந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே அருவியை நோக்கி விரைந்தார்களேயன்றி ஒரு கூட்டமாகச் செல்லவில்லை. அதனை அப்போது யாரும் குறையாகக் கருதவுமில்லை.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தின் அடியில் ஆகாய கங்கை விழுகிறது. ஏறத்தாழ 300 அடி உயரம் என்பர். ஐயாறு என்னும் ஆறே மேலே கோயிலருகில் அமைதியாக ஓடிவந்து, இங்கே பாறை விளிம்பிலிருந்து அருவியாக மாறுகிறது. விழும் வேகத்தில் நீர் நொறுங்கிப் புகைபோலப் பரவி, நெடுந்தொலைவு முன்பே நம் முகத்தை நனைத்துவிடுகிறது. அதன் கீழ் நின்றவர் வாய்திறந்து பேசினாலும் அருகில் நிற்பவர்க்குக் கேட்பதில்லை. எல்லோரும் குளித்தனர், கூவினர், குளிரில் நடுங்கினர், நடுங்கிய பின்னும் வெளியே வர மறுத்தனர்.

ஒரு மாணவன் மட்டும் அருவிக்குள் தலையைக் கொடுக்கவில்லை. சாரல் படும் தொலைவில் ஒரு பாறைமேல் நின்று, அண்ணாந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இளங்கலை மூன்றாம் ஆண்டு பயில்பவன். உப்பிலியபுரம் பகுதியைச் சேர்ந்தவன். குளிருக்கு அஞ்சுகிறானோ என்று அருகிற் சென்று கேட்டேன்.

“இல்லைங்க ஐயா. இந்தத் தண்ணி எங்க புளியஞ்சோலைக்கு வர்ற தண்ணி. சின்ன வயசுலேருந்து கீழேயே குளிச்சிருக்கேன். எங்கேருந்து விழுதுன்னு பார்த்ததில்லை. அதைத்தான் பார்க்க வந்தேன்” என்றான்.

அவன் கூறியது உண்மையே. ஆகாய கங்கையில் விழுந்த நீர் காடுகளினூடே பாறைகளில் தவழ்ந்து, மலையின் மறுபுறத்து அடிவாரமாகிய புளியஞ்சோலையை அடைகிறது. அருவி நாமக்கல் மாவட்டத்தில். அந்நீர் சமநிலத்தைத் தொடும் இடமோ திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில். மலையில் விழும் மழை ஆறாகி, முல்லை கடந்து மருதம் புகும் என்று நாட்டுவளம் பாடிய புலவர் மரபு நமக்கு உண்டு. அரபு நாட்டைப் பாட வந்த உமறுப் புலவரும் சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அம்மரபையே கைக்கொண்டார் என்பது தமிழறிஞர் பலரும் வியந்து பேசிய செய்தி. அப்படலத்தை ஏட்டில் படித்த மாணவன், தன் ஊர் ஆற்றின் தலைப்பகுதியைக் கண்ணாற் கண்டு நின்றான்.

திரும்பும் நேரம் வந்தது. ஏறத் தொடங்கினோம். முதல் நூறு படிகள் வரை சிரிப்பும் பாட்டும் தொடர்ந்தன. அதன் பின்னர் மூச்சிரைப்பே மிஞ்சியது. ஈர உடையின் பாரம், வெயில், பசி, கெண்டைக்கால் வலி ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்தன. இறங்கும்போது முன்னே ஓடியவர்கள் இப்போது படியில் அமர்ந்து பின்னே வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ‘இன்னும் எவ்வளவு’ என்று எதிரே இறங்குவோரிடம் கேட்டால், ‘கொஞ்சந்தான்’ என்று எல்லோரும் ஒரே விடையைச் சொன்னார்கள். அவர்கள் இன்னும் ஏறிப் பார்க்காதவர்கள் அல்லரோ!

ஏறக்குறைய பாதி வழியில் உப்பிலியபுரத்து மாணவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தவாறு அமர்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. நண்பன் ஒருவன் தண்ணீர்ப் புட்டியை நீட்டியும் அவன் வாங்கவில்லை. அப்போதுதான் அவன் நோன்பு நோற்றிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் அவன் தாயாருக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவர் நலம்பெற்று வீடு திரும்பியதற்கு நன்றியாக வியாழக்கிழமைதோறும் நபில் நோன்பு நோற்று வருகிறான். வேண்டிக்கொண்ட நேர்ச்சை அன்று; யாரும் விதித்ததும் அன்று. தானாக எடுத்துக்கொண்டது. சுற்றுலா வியாழனில் அமைந்ததால் அவ்வாரம் விட்டுவிட அவன் உள்ளம் ஒப்பவில்லை. நோன்பாளியின் வாய்க்குள் நீர் புகுந்துவிடக்கூடாதே என்பதனால்தான் அருவிக்குள் அவன் தலையைக் கொடுக்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது.

பெற்றோர் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளைகள் நம்மிடம் அமானிதம். கீழே மருத்துவ வசதி கிடையாது. மேலே செல்லவோ இன்னும் ஐந்நூறு படிகள். நபில் நோன்பைத் தக்க காரணம் இருப்பின் முறிக்கலாம், பின்னொரு நாள் களாவாக நோற்றுக்கொள்ளலாம் என்று அவனிடம் எடுத்துரைத்தேன்.

“தெரியும் ஐயா. முறிக்க வேண்டிய நிலை வந்தா முறிச்சிடறேன். பிடிவாதம் இல்லை. இன்னும் வரலைன்னு தோணுது. ஒரு பத்துப் படி பார்க்கட்டுமா?” என்றான்.

அவன் கண்களில் மயக்கம் இல்லை. பேச்சிலும் தடுமாற்றம் இல்லை. பத்துப் படிகள் ஏறுவது, அமர்வது, நாடி பார்ப்பது, மறுபடி பத்து என்று உடன்பட்டேன். பெரம்பலூரைச் சேர்ந்த அவன் வகுப்புத் தோழன் ஒருவன், கேட்காமலே அவன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். முன்னே சென்றிருந்தவர்கள் செய்தி அறிந்து நின்றுவிட்டனர். அவன் பத்துப் படி ஏறினால் முப்பத்திருவரும் பத்துப் படி ஏறினர். அவன் அமர்ந்தால் அனைவரும் அமர்ந்தனர். யாரும் அவ்வாறு செய்யுமாறு பணிக்கவில்லை.

அவ்வேளையில் கீழிருந்து ஒரு மலையாளிப் பெண்மணி ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அருவிக்கரையில் அன்னாசிப்பழத் துண்டுகளை விற்றுவிட்டு வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு தூக்குவாளியோடு, சிறிதும் மூச்சு வாங்காமல் வந்தவர் எங்களைக் கண்டு நின்றார்.

“தம்பிக்கு என்ன?” என்றார்.

“நோன்பு அம்மா” என்றேன்.

“விரதமா? நாங்களுஞ் சாமிக்கு இருப்போம். ஆனா இருக்கற அன்னிக்கு இந்தப் படியில காலு வைக்க மாட்டோம்” என்று சிரித்தார். பிறகு அவனருகில் அமர்ந்துகொண்டு, நேரே ஏறாமல் படியின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் குறுக்காகக் கால்வைத்து ஏறும் முறையைச் சொல்லித் தந்தார். ‘வாயை மூடி மூக்காலேயே மூச்சு விடு’ என்றார். நாள்தோறும் ஏறி இறங்குகிறீர்களே, களைப்பாக இராதா என்று ஒரு மாணவி கேட்டாள்.

“பழகிடுச்சு. தெனமும் பாக்குறேன். எறங்குறப்ப எல்லாரும் ஓடுவாங்க. ஏறுறப்பதான் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க” என்றார்.

அவர் எழுத்தறிந்தவரா என்பது தெரியாது. எம்.ஃபில். பட்டத்திற்காகக் குறிஞ்சிப் பாடல்களை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த எனக்கு, அவ்வொரு தொடர் ஓர் உரைநூலாக விளங்கியது.

இன்னும் இருநூறு படிகள் இருக்கும் என்னும் நிலையில் மாணவன் நின்றான். தலை சுற்றுவதாக அவனே சொன்னான். “இப்ப வந்திடுச்சு ஐயா” என்று அமைதியாகக் கூறி, படியில் அமர்ந்து, கையை நீட்டினான். அருகில் இருந்தது அப்பெண்மணியின் தூக்குவாளியே. ‘பிஸ்மில்லாஹ்’ என்று கூறி மூன்று மிடறு பருகினான். கண்களில் நீர் திரண்டது. ஆனால் முகத்தில் தோல்வியின் சாயல் இல்லை. யாரும் எதுவும் பேசவில்லை. கீழே அருவி விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் சென்றபின் எழுந்து எஞ்சிய படிகளையும் ஏறினான். நீர் அருந்தியதால் படிகள் குறைந்துவிடவில்லை. அவற்றை அவனே ஏறித் தீர்க்க வேண்டியிருந்தது.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கும் கடைகள். பாறைகளைப் பற்றிப் படரும் அக்கிழங்கு, மயிர் போர்த்த ஆட்டுக்காலைப் போன்றே தோன்றும். முழங்கால் வலிக்கு நல்லது என்று மலைமக்கள் சொல்வர். ஏறி வந்த கால்களுக்கு அதைவிடப் பொருத்தமான விருந்து வேறில்லை. கோயிலருகே ஓடும் ஐயாற்று நீரில் உளூச் செய்து, வேன் நின்ற திடலில் ஜமக்காளம் விரித்து லுஹர் தொழுதோம். சற்றுமுன் எங்கள் தலையில் விழுந்த நீரும், அடுத்து விழப்போகும் நீரும் ஒன்றே என்னும் நினைவு அத்தொழுகைக்கு ஒரு தனித்தன்மையைத் தந்தது.

திரும்பி வந்த மறுவாரம், வகுப்பில் புறநானூற்றின் 153ஆம் பாட்டை நடத்தினேன். அதுவும் வன்பரணர் ஓரியைப் பாடியதே. அவன் தந்த பொன்னையும் அணிகலனையும் யானையையும் பெற்றுப் பசி நீங்கிய பாணர் கூட்டத்தார், ஆடவும் இயலாராய்ப் பாடலையும் மறந்துவிட்டனர் என்பது அப்பாட்டின் செய்தி. வள்ளலின் கொடைச் சிறப்பைக் கூறுவதே அதன் நேர்ப்பொருள். அன்று அதனை நடத்துகையில், பெற்றவர் பக்கம் நின்று பார்க்கும் பார்வையும் ஒன்றுண்டு என்று தோன்றியது. பரிசில் முன்னே வந்துவிட்டது. அதற்குரிய பாட்டு பின்னே நின்றுவிட்டது. அருவியில் நனைந்தவன் படிகளை ஏறாமல் பள்ளத்திலேயே அமர்ந்துவிட்டதை ஒக்கும் அது.

உழைத்துப் பெறுவது ஒரு நெறி. பெற்றபின் உழைப்பது மற்றொரு நெறி. ஷுக்ர் என்று நாம் கூறும் நன்றி இரண்டாவது நெறியைச் சார்ந்தது. தாய்ப்பாலும் தாய்மொழியும் நாம் உழைத்துப் பெற்றவை அல்ல. சமுதாயப் பெரியோர் தம் பொருளை வக்ஃபு செய்து எழுப்பிய கல்விக்கூடங்களும் அத்தகையனவே. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர்கள் இத்துறையில் பலர். அவர்களுக்கு இருக்கையும் நூலகமும் ஆசிரியரும் முன்னரே ஆயத்தமாக இருந்தன. அவை யாவும் இறக்கத்தில் கிடைத்த அருவி. பட்டம் பெற்று வெளியேறும் நாளில் தொடங்குவதே ஏற்றம். அதில் தனியே ஓட இயலாது. பக்கத்தில் மூச்சிரைப்பவனின் பையையும் வாங்கிக்கொண்டே ஏற வேண்டும். இயலாத இடத்தில் அமர்ந்து, பிறர் தரும் நீரை நாணாமல் பருகி, மீண்டும் எழுவதும் அவ்வேற்றத்தின் பகுதியே என்பதையும் அம்மாணவனிடமே கற்றேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மாலை அவன் துறைக்கு வந்து, களா நோன்பை நோற்றுவிட்டதாகத் தெரிவித்தான். அதற்கடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வந்தான். சனியன்று ஊருக்குச் சென்று, தாயாரையும் உடன் அழைத்துக்கொண்டு புளியஞ்சோலைக்குப் போயிருந்தானாம்.

“அம்மா காலை மட்டும் தண்ணியில வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க ஐயா. நான் மலையை அண்ணாந்து பார்த்தேன். கீழேருந்து அருவி தெரியலை. ஆனா அது இருக்கற திசையை அம்மாவுக்குக் கைகாட்டிச் சொல்ல முடிஞ்சது” என்றான்.